பாசிக்காரியும் முப்பத்தொரு படகுகளும்

கல்லூரியில் தாவரவியல் ஆய்வக உதவியாளர் என்றால் வெள்ளைக் கோட்டு, பளபளக்கும் கண்ணாடிக் குடுவை என்று என்னென்னவோ நினைப்பீர்கள்; உண்மையில் அது ஊரார் வீட்டுத் தொட்டிகளில் படிந்த வழவழப்பைக் கெஞ்சிக் கேட்டுச் சுரண்டிக்கொண்டு வருகிற வேலை. எண்பதுகளில் தாம்பரம் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். தற்காலிகம் என்றார்கள். அந்தத் தற்காலிகம் ஆறு வருஷம் நீடித்தது. இப்படி நீளும் தற்காலிகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அவர்களெல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள், நாம் ஒரே ஜாதி. நிரந்தர வேலைக்காரர்கள் பின்னால் நின்றபடி கேட்கலாம்.

ரயிலில் ஆறு பாட்டில்

மழை முடிந்த மாதங்களில் ஊரப்பாக்கம் ஏரிக்குப் போவேன். பழைய ஜாம் பாட்டில்களில் பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று விதவிதமான தண்ணீரை மொண்டு, கூடையில் அடுக்கிக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏறுவேன். புடவையில் முழங்கால் வரை சேறு இருக்கும். எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு நாள் கீரைக்கூடையோடு ஏறிய அம்மா மட்டும் நகரவில்லை. "இன்னாம்மா அது, கஷாயமா?" என்று கேட்டார். ஏரித் தண்ணீர், இதில் கண்ணுக்குத் தெரியாத செடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கல்லூரிப் பெண்கள் படிக்க எடுத்துப் போகிறேன் என்று விளக்கினேன். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. என்னையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாட்டிலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"செடிதான் கண்ணுக்குத் தெர்ல. சம்பளமாவது தெரியுதாம்மா?"

ஒரு விரிசல்

எங்கள் துறைத் தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். அவர் உயிரினும் மேலாகப் பாதுகாத்தது ஒரு கண்ணாடி ஸ்லைடு. அதில் இருந்தது பின்னுலேரியா என்கிற டயாட்டம். டயாட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாசி. தன்னைச் சுற்றிக் கண்ணாடியிலேயே ஓடு கட்டிக்கொள்ளும். சோப்பு டப்பாவும் மூடியும் போல இரண்டு பாதியாக. இந்தப் பின்னுலேரியா படகு வடிவத்தில் இருக்கும். உயிரோடு இருந்தால் தங்கப் பழுப்பு நிறத்தில், ஏதோ வேலையாகப் போவதுபோல மெதுவாக நகரும். பாடப்புத்தகத்தில் அதன் படம் உண்டு. மாணவிகள் ரெக்கார்டு நோட்டில் அதை வரைந்து வரைந்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் படகு போடுவார்கள்.

மாதிரித் தேர்வில் ஒரு பெண் மைக்ராஸ்கோப்பின் லென்ஸை அளவுக்கு மேல் கீழே இறக்கினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மேடத்தின் ஸ்லைடு இரண்டாகப் போயிற்று. அந்தப் பெண் அழுதாள். மேடம் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"யூனிவர்சிட்டி பிராக்டிகலுக்கு வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வர்றார், சுகந்தி. லைவ் ஸ்பெசிமென் வேணும். ஃபார்மலின்ல ஊறப்போட்டது வேணாம், அந்த வாடையே வரக் கூடாது. ஒழுங்கா செஞ்சிட்டா அன்னிக்குச் சாயங்காலமே உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி லெட்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன். இல்லைன்னா அடுத்த வருஷத்துக்கு நான் வேற ஆளைப் பார்த்துப்பேன்."

எருமைக்கு முன் நான்

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மார்ச் மாதத்திலேயே ஏரிகளில் சேறுதான் மிச்சம். நல்ல டயாட்டம் கிடைத்த இடம் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த கன்னியம்மா அக்காவின் எருமைத் தொட்டி. சுற்றிலும் மனை போட்டு விற்ற பிறகும் அக்கா தன் நாலு எருமைகளையும் அந்த சிமென்ட் தொட்டியையும் விடவில்லை. தொட்டியின் உட்புறம் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம். தொட்டுப் பார்த்தவுடனே என் வயிறு குளிர்ந்தது. இப்படி ஒரு விஷயத்துக்கு வயிறு குளிர்கிறவர்கள் உலகத்தில் ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள்.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுரண்டிப் பாட்டிலில் சேர்த்தேன். ஆய்வகத்தில் பார்த்தால் படகு படகாக ஊர்வலம்! அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். எருமைகள் தண்ணீருக்குக் காத்து நின்றன. மூன்றாவது வாரம் அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"இன்னாம்மா, எங்க எருமைங்க கூட தண்ணிய குட்ச்சிட்டு சும்மா பூடுது. நீ இன்னா, தொட்டியவே தின்னுடுவ போல கீறே?"

யாருடையது நல்ல பாசி?

ஒரே இடத்தை நம்பக் கூடாது என்று, பக்கத்துக் காலனியில் லலிதா டீச்சர் வீட்டுப் பின்கட்டுத் தொட்டியையும் குறிவைத்தேன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுப்பவர், வீட்டைக் கண்ணாடிபோல வைத்திருப்பவர். "உங்க தொட்டியில பாசி இருந்தா கொஞ்சம் எடுத்துக்கட்டுமா டீச்சர்?" என்று நான் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு குடும்பப் பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்வி அது என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. "எங்க வீட்லயா? வாரா வாரம் தேய்க்கிறோம்மா. வேணும்னா பக்கத்து வீட்ல கேளு, அங்க நிறைய இருக்கும்" என்றார்.

ஆனாலும் உள்ளே விட்டார். குழாய்க்கு நேர் கீழே, தேங்காய் நார் எட்டாத மூலையில், அருமையான பழுப்புப் படலம். இது அழுக்கே இல்லை, நாம் மூச்சுவிடும் பிராணவாயுவில் ஒரு பங்கு இதுதான் கொடுக்கிறது, கன்னியம்மா அக்கா தொட்டியிலும் இதேதான் எடுத்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே சுரண்டினேன். டீச்சர் அந்த மூலையைக் குனிந்து குனிந்து பார்த்தார். நான் பாட்டிலை மூடிக் கிளம்பும்போது வாசல் வரை வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. எது நல்லா இருக்கு, அந்த எருமைத் தொட்டியோடதா, எங்களோடதா?"

என் வாய் செய்த வேலை

திங்கட்கிழமை தேர்வு. சனிக்கிழமை நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? இரண்டு வீட்டுக்கும் போய், "திங்கக்கிழமை காலையில வருவேன். வெளியூர்லேர்ந்து பெரிய புரொஃபசர் வர்றார். உங்க தொட்டியில எடுத்ததைத்தான் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்க்கப் போறார்" என்று பெருமையடித்துவிட்டு வந்தேன். மாணவிகளிடமும் விடவில்லை. இந்த வருஷம் உயிருள்ள பின்னுலேரியா வருகிறது, ஏழாம் நம்பர் மைக்ராஸ்கோப்பில் வைக்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியாயிற்று. ஒரு பாட்டிலை முன்னெச்சரிக்கையாக வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன். கெட்டுப்போன கஷாயம் என்று நினைத்து என் வீட்டுக்காரர் அதைக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கன்னியம்மா அக்கா வீட்டுக்கு ஓடினேன். தொட்டி உள்ளும் புறமும் வெள்ளைவெளேர் என்று இருந்தது. விளிம்பில் மூன்று இடத்தில் மஞ்சள், குங்குமம். பிளீச்சிங் பவுடர் வாடை. அக்கா பூரித்துப்போய் நின்றார். "பெரிய மன்சன் பூதக்கண்ணாடி வச்சி பாக்கப் போறாருன்னு நீதான சொன்னே? அழுக்கோடவா காட்டுவாங்க? நேத்து பூரா நானும் எங்க வூட்டுக்காரரும் தேச்சி சுண்ணாம்பு அட்ச்சோம். எவன் வேணா வரட்டும், ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டிக் கொடுத்தார்.

லலிதா டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் அதே கதை. அடியில் ஊசி விழுந்தாலும் தெரியும், அவ்வளவு தெளிந்த தண்ணீர். டீச்சர் தானே ஒரு பாட்டிலில் பிடித்து, வெளிப்புறத்தைத் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"கிரிஸ்டல் கிளியர்! உங்க புரொஃபசர் எந்த மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தாலும் இதுல ஒண்ணும் தெரியாது."

ஏகாம்பரத்தின் டப்பா

கல்லூரிக்குப் போகிற வழியில் சாக்கடை ஓரத்தில்கூடச் சுரண்டினேன். ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால் நீலப்பச்சைப் பாசி நூல்களும் நெளிகிற புழுக்களும்தான் இருந்தன. ஒரு டயாட்டம்கூட இல்லை. தேர்வுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. எங்கள் ஆய்வகத்தின் அட்டெண்டர் ஏகாம்பரம், வெளியாள் வரும் நாளானதால், பழைய பித்தளை மைக்ராஸ்கோப்புகளை ஒரு வெள்ளைப் பவுடர் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பவுடரைப் பார்த்ததும் எனக்குப் பாடப்புத்தகத்தின் ஒரு வரி ஞாபகம் வந்தது: பல காலத்துக்கு முன் கடலில் செத்துப் படிந்த டயாட்டம் ஓடுகள் மண்ணாகி, உலோகம் துலக்கும் பவுடரில் சேர்க்கப்படுகின்றன.

ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலந்து பார்த்தேன். இருந்தது! உடைசல் நடுவே முழுசு முழுசாகக் கண்ணாடி ஓடுகள், மேலே அழகான புள்ளி வரிசைகள். ஒரே ஒரு குறை. எல்லாம் வட்டத் தட்டு. படகு ஒன்றுகூட இல்லை. உயிரும் இல்லை, நிறமும் இல்லை. யோசிக்க நேரம் இல்லாததால் யோசிக்காமல் ஏழாம் நம்பரில் வைத்தேன். மேடம் சுற்றி வந்தார். கைக்கடிகாரத்தில் ஒரு கண், ஏழாம் நம்பரில் ஒரு கண். அரை நொடி குனிந்து "குட்" என்று சொல்லிவிட்டு எட்டாம் நம்பருக்குப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏகாம்பரம் தன் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, நான் தேச்சா வெளிய பளபளங்குது. நீங்க உள்ள வச்சி இன்னா தேய்க்கிறீங்கோ?"

மூன்று நிமிஷம், ஒரு மணி

முப்பத்திரண்டு பெண்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்கும். அடித்ததும் அடுத்த மைக்ராஸ்கோப்புக்கு நகர வேண்டும். நான் ஏழாம் நம்பர் பக்கத்திலேயே நின்றேன். முதல் பெண் வந்தாள். லென்ஸில் ஒரு நொடி கண்ணை வைத்தாள், உடனே தாளில் படகு வரைந்தாள். இரண்டாவது பெண்ணும் படகு. ஐந்தாவது பெண் படகை முடித்துவிட்டுப் பிறகு லென்ஸில் பார்த்தாள், அதுவும் மரியாதைக்கு. என் பயம் போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கடைசிக்கு முன்னால் பொற்கொடி வந்தாள். மெலிந்த பெண். தியரி அவளுக்கு வராது, கை மட்டும் நன்றாக ஓடும். இந்த வருஷம் பாஸாகாவிட்டால் படிப்பு போதும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவள் லென்ஸில் கண்ணை வைத்தாள், எடுக்கவேயில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு மளமளவென்று ஒரு வட்டம் போட்டு, புள்ளி வரிசைகளை நடுவிலிருந்து விளிம்பு வரை ஒவ்வொன்றாக வைத்தாள். அவ்வளவு அழகான படத்தை நான் அந்த ஆய்வகத்தில் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே போனதும் தோழிகள் படகு என்று சொல்ல, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் விம்முவது கேட்டது.

"நான் பார்த்ததைத்தான்டி போட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்."

கோவளம் வரை ஒரு பொய்

மாலையில் மேடமும் வெளியூர் எக்ஸாமினரும் தாள் திருத்தினார்கள். அவர் வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக, அதிகம் பேசாதவர். மேடத்தின் கைப்பைப் பக்கத்தில் என் லெட்டர் டைப் அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்துக்கு இடம் விட்டு. நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு படகுகளுக்கும் முழு மார்க் விழுந்தது. பொற்கொடி தாள் வந்தது. "என்ன இது, வட்டம்? இந்தப் பொண்ணு புக்கைத் திறந்தே பார்க்கலை" என்று மேடம் ஒரு முட்டையைப் போட்டார். அந்த முட்டையோடு அவள் பெயில்.

ஒரு டம்ளரை எடுத்தவள் அப்படியே நின்றேன். வாயை மூடிக்கொண்டு வெளியே போனால் நான் நிரந்தரம். இந்த வாய் இரண்டு நாளில் செய்த அநியாயம் போதாதா, இப்போதாவது சும்மா இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "அவ வரைஞ்சதுதான் சரி மேடம்" என்றது.

எக்ஸாமினர் எழுந்து போய் ஏழாம் நம்பரில் குனிந்தார். நிமிர்ந்தபோது புருவம் நெற்றியில் ஏறியிருந்தது. "இது கடல் டயாட்டம் ஆச்சே அம்மா. தாம்பரத்துக்குக் கடல் எப்ப வந்தது?" என்று கேட்டார். "கோவளத்துல எடுத்தேன் சார்" என்றேன், யோசிக்காமல். அவர் மறுபடி குனிந்து பார்த்தார். "இது செத்துப் பல லட்சம் வருஷம் இருக்குமே. அப்பவே போய் எடுத்துட்டீங்களா?" என்றார். அதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை. எருமைத் தொட்டி, சுண்ணாம்பு, குரோட்டன்ஸ் செடி, பாலிஷ் பவுடர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேடத்தின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

எக்ஸாமினர் பொற்கொடியின் முட்டையை அடித்து முழு மார்க் போட்டார். பிறகு மற்ற தாள்களை இழுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாகப் படித்தே பார்த்தார். ஐந்தாவது தாளில் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"மேடம், இதுல நாலு பேர் 'தங்கப் பழுப்பு நிறம், மெதுவாக நகர்கிறது'ன்னு குறிப்பே எழுதியிருக்காங்க. பாலிஷ் பவுடர் எங்கம்மா நகர்ந்து போச்சு?"

ஒரு கையெழுத்து

படகுகளுக்கு டயாட்டம் என்று பெயர் சொன்னதற்கு மட்டும் மார்க் என்று முடிவாயிற்று. யாரும் பெயிலாகவில்லை. எக்ஸாமினர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். மேடமும் நானும்தான். அவர் என் லெட்டரைக் கையில் எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்து நான் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தேன். அவர் எழுந்து ஏழாம் நம்பருக்குப் போய்க் குனிந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். வந்து உட்கார்ந்து லெட்டரில் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தாளை எடுத்து, பரீட்சையில் பாலிஷ் பவுடர் வைத்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் எழுதினார். நிரந்தர வேலையையும் அதன் முதல் மெமோவையும் ஒரே பேனாவிலிருந்து மை காயுமுன் வாங்கியவள் அந்தக் கல்லூரியில் நான் ஒருத்திதான். இரண்டையும் சேர்த்து நீட்டியபோது அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"காலையில நான் 'குட்' சொன்னேனே, சுகந்தி... நானும் பார்க்கலை."

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிற வேலையில் காலம் தள்ளி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: டயாட்டத்தைப் பார்க்க ஒரு மைக்ராஸ்கோப் வேண்டும், பார்க்காமலே வரைய ஒரு ரெக்கார்டு நோட்டு போதும்.